பாலத்துக்குப் போன குதிரை

மின்விசிறியைப் போட்டது பல்செட்டுக்காரர்தான். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. சுவிட்சுக்கு மேலே, "போர் நடக்கும்போது காற்று கிடையாது" என்று கொட்டை எழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அதை எழுதியதும் அவர், ஒட்டியதும் அவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நண்பர் வீட்டுப் பின்னறை. இவருக்குப் பல் லேபில் செட்டு கட்டும் வேலை; நண்பர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். கீழ்வீட்டுக்காரர் ஏதோ ஸ்குரூ டிரைவர் கேட்டார் என்று அவர் படியிறங்கிப் போன நேரம். ஜன்னல் சாத்தியிருந்தது. பல்செட்டுக்காரரின் கழுத்தில் வழிந்த வியர்வை சட்டைக்குள் போய் வயிற்றைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ஒன்றில் வைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது' என்று ஒன்றில் வைத்தார். அந்த ரெகுலேட்டர் கெட்டு ஆறு மாதமாகிறது. அதற்கு ஒன்றும் ஐந்தும் ஒன்றுதான். மெக்கானிக் வீட்டில் எது கெட்டாலும் அப்படியே கிடக்கும்.

முப்பத்தேழு சீட்டுகள் புறாக்கூட்டம் போல எழும்பின.

அவை என்ன சீட்டுகள் என்று சொல்லிவிட வேண்டும். இந்த இருவரும் ஒன்பது வருடமாக நெப்போலியன் காலத்துப் போர்களைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து நடத்துகிறார்கள். ஒரு போர் முடிய ஒரு வருடமாவது ஆகும். இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் ஒரு பக்கம் கட்டம் போட்ட வரைபடம், அதில் கொடிகள். இரண்டு கொடிகள் ஒரே கட்டத்தில் முட்டிக்கொண்டால், மேசையின் மறுபக்கத்தில் சிப்பாய்கள் இறங்குவார்கள். அடிக்கோலும் பகடையும் வைத்துச் சண்டை. சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவது பல்செட்டுக்காரர். பீங்கான் பல்லுக்கு நிழல் போடும் ஒற்றை முடித் தூரிகையால் மீசை வரைவார். ஈறுக்குக் கலக்கும் அதே ரோஸ் நிறத்தைத்தான் முகத்துக்கும் பூசுவதால், இரண்டு தரப்புச் சிப்பாய்களும் இப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். ஈட்டிகள், மெக்கானிக் கொண்டுவரும் லிஃப்ட் கம்பிவடத்தின் இழைகள்.

பல்செட்டுக்காரர் எப்போதும் பிரெஞ்சுப் படை. எப்போதும் தோற்பவரும் அவரே.

தூரத்திலிருக்கும் தளபதிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சும்மா சொல்லிவிட முடியாது. சீட்டில் எழுதி, மடித்து, நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் மெக்கானிக்கின் மனைவி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அந்தச் சீட்டைச் சுமந்து போகும் குதிரை ஒரு நாளைக்கு நாலு கட்டம் ஓடும் என்பது கணக்கு. எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று அவர் சிவப்பு மையில் எழுதுவார். குதிரை வழியில் தடுமாறியதா என்று தனியாகப் பகடை போட்டுப் பார்ப்பார். தாமதமானால் பக்கத்திலேயே காரணம் எழுதுவார்: மழை, லாடம் கழன்றது, வழி தவறியது. காரணம் எழுதாமல் அவர் கையால் ஒரு தாமதமும் பதிவானதில்லை, பஸ்ஸானாலும் சரி, குதிரையானாலும் சரி. சேர்ந்த சீட்டுகள் அந்தந்தக் கொடியின் கீழே மடித்தபடியே இருக்கும். போர் முடிந்த பிறகுதான் பிரித்துப் படித்துச் சிரிப்பார்கள். அதற்கு முன்னால் அடுத்தவர் சீட்டைப் படிப்பது, அவர்கள் அகராதியில், அடுத்தவர் குளிக்கும்போது கதவைத் திறப்பதற்குச் சமம்.

பல்செட்டுக்காரர் விசிறியை நிறுத்திவிட்டு நாலு காலில் தவழ்ந்து சீட்டுகளைப் பொறுக்கினார். முகவரி வெளியே எழுதியிருந்ததால் எது எந்தக் கொடிக்கு என்று தெரிந்தது. முப்பத்தாறு சீட்டுகள் நல்ல பிள்ளைகளாக மடித்தபடியே கிடந்தன. ஒன்று மட்டும் மல்லாந்து விரிந்து கிடந்தது. விரிந்து கிடக்கும் சீட்டைக் கண் படிக்காமல் என்ன செய்யும்? கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியிருக்கலாம் என்பது பிற்பாடுதான் தோன்றியது.

நண்பரின் கையெழுத்து. "பாலத்தில் இருக்கும் தளபதிக்கு. பழைய கட்டளை ரத்து. பின்வாங்காதே. உயிரே போனாலும் பாலத்தை விடாதே. புறப்பட்டது: 11 காலை."

கீழே சிவப்பு மை. "சேர்ந்தது: 14 காலை." அதற்குப் பக்கத்தில், காரணம் எழுத வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை.

அவர் தரையில் உட்கார்ந்து வரைபடத்தை அண்ணாந்து பார்த்து விரலால் எண்ணினார். எட்டுக் கட்டம். எட்டை நாலால் வகுக்க அவருக்குத் தெரியும். குதிரை பதின்மூன்றாம் தேதி காலையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாலத்துச் சண்டை நடந்தது பதின்மூன்றாம் தேதி மத்தியானம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த அந்தச் சண்டைதான் ஒன்பது வருடத்தில் அவர் கண்ட ஒரே வெற்றி. எதிர்த்தரப்புத் தளபதி பழைய கட்டளைப்படி பின்வாங்க, இவர் படை பாலத்தைப் பிடித்தது. அன்று பாலம் கிடைக்காமல் போயிருந்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சோறு தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டு அன்றைக்கே போரில் தோற்றிருப்பார். மறுநாள் லேபில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். "குழந்தை பிறந்திருக்கா சார்?" என்று கேட்ட ரிசப்ஷன் பெண்ணுக்கு, பல் அச்சுக்களை வரிசையாக வைத்துப் பாலத்தைப் பிடித்த விதத்தை முக்கால் மணி நேரம் விளக்கினார்.

அது பிச்சையா?

கொஞ்ச நாளாகவே அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலரை மாதமாகிறது. அன்றிலிருந்து இந்த உலகத்தில் ஒருத்தரும் அவரோடு சண்டை போடுவதில்லை. இருபத்தாறு வருடமாக எதைச் சொன்னாலும் "அதெல்லாம் முடியாது" என்று ஆரம்பிக்கும் மனைவி இப்போது "சரிங்க" என்கிறாள். சோபாவை வாசலுக்குக் குறுக்கே போடலாமா என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தார்; "உங்க இஷ்டம்" என்றாள். லேப் முதலாளி அவரை 'சார்' என்கிறார். கடைவாய்ப் பல் ஒரு இழை உயரமாக இருந்தாலே திருப்பியனுப்பும் பல் டாக்டர், போன மாதம் மேல்செட்டுக்கும் கீழ்செட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒன்று போனபோது, "பிரமாதம், நானே சரிபண்ணிக்கிறேன்" என்று செய்தி அனுப்பினார். மனிதனை உயிரோடு வைத்துக்கொண்டே மாலை போடுவது என்றால் இதுதான்.

மிச்சமிருந்தது இந்த மேசை ஒன்றுதான். இங்கேதான் அவரை முட்டாள், கபோதி, சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் லாயக்கு என்றெல்லாம் வாய் நிறையத் திட்ட ஒரு ஆள் இருந்தான். அவனும் பெண்டாட்டியோடு சேர்ந்து குதிரையின் காலைக் கட்டிவிட்டானா?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகச் சீட்டுகளைக் கொடிகளுக்கு அடியில் செருகினார். மெக்கானிக் உள்ளே வந்து மூக்கைத் தூக்கினார்.

"என்னடா, அறை குளுகுளுன்னு இருக்கு?"

"ஜன்னல் வழியா காத்து வந்துச்சு."

"ஜன்னல் சாத்தியிருக்கே."

"இப்பதான் சாத்தினேன்."

"மூஞ்சி ஏன்டா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்கு? மாத்திரை போட்டியா?"

மாத்திரை! கேட்டுவிட்டான் பார். பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்தார். வாயைத் திறந்து கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் சீட்டைப் படித்தது தெரிந்துவிடும். அநியாயத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, பிடித்த விதத்தை வெளியே சொல்ல முடியாமல் நிற்பவனின் கோபம் இருக்கிறதே, அது வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு பேச வராமல் நிற்பது போல.

"அந்தப் பாலம்..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, மறுபடியுமா! மூணு வாரமா நீ அந்தப் பாலத்துலேயே குடியிருக்க. என் சீட்டு லேட்டு, நீ பிழைச்ச. அவ்வளவுதான். வா, வந்து நகர்த்து."

முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் பல்செட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. பிச்சை போடுகிறவனா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, கையேந்திப் பார்ப்பது. அவரிடம் இருபத்து நாலு மெய்க்காவல் சிப்பாய்கள் இருந்தார்கள். உயரமான கரடித்தோல் தொப்பி, தொப்பிக்குக் கீழே இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்த இருபத்து நாலு மீசை. கடைசி நிமிடத்துக்கென்று யாரும் தொடாமல் வைத்திருக்கும் படை. அதை எடுத்து, ஒரு பீரங்கித் துணைகூட இல்லாமல், எதிரியின் பீரங்கி வரிசைக்கு நேர் எதிரே இருந்த சதுப்பு நிலத்தில் இறக்கினார்.

மெக்கானிக் சதுப்பைப் பார்த்தார். பல்செட்டுக்காரரைப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"யோசிச்சுக்கோ."

'வந்துட்டான் பரிதாபப்பட' என்று இவருக்கு உள்ளே கொதித்தது. "யோசிச்சாச்சு. நீ உன் வேலையைப் பாரு."

"அப்புறம் அழக் கூடாது."

"யாரு அழறா?"

அவ்வளவுதான். மெக்கானிக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். வாயாலேயே முரசு கொட்டினார். பதினெட்டுப் பீரங்கிகளையும் திருப்பிவைத்து, ஒவ்வொரு பகடைக்கும் ஒரு "டமார்" போட்டு, விழுந்த சிப்பாயை எல்லாம் இரண்டு விரலால் தூக்கி, "இந்த ஆளுக்கு மேல் வரிசையா கீழ் வரிசையா?" என்று விசாரித்து டப்பாவில் போட்டார். "இந்த அறிவோட நீ எப்படிடா அடுத்தவன் வாய்க்குப் பல்லு கட்டுற? பாவம்டா ஊர் ஜனங்க! டமார்! அந்த மீசைக்காரன் காலி! ஏம்மா, இங்க வாயேன், உங்கண்ணன் சேத்துல விழுந்த பல்லைத் தேடப் போயிருக்கான்!" முகம் சிவந்து, தொண்டை கட்டி, குதித்துக் குதித்துச் சிரித்தார். ஒன்பது வருடமாகப் பல்செட்டுக்காரருக்குத் தெரிந்த ஆள் இவர்தான். ஒரு நிமிடம் வாய் மூடாத ஆள். இருபத்து நாலு பேரில் மூன்று பேர் தேறினார்கள். அந்த மூன்று பேரையும் அவர் துரத்தினார்.

இரக்கம் என்பதன் வாடைகூட அதில் இல்லை. பல்செட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவனுக்கு ஒன்றும் தெரியாது. நிச்சயமாகத் தெரியாது.

டைம் கீப்பர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேசையைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?" என்றார். பிறகு கணவரிடம், "அப்ப இது முடிஞ்சிடுமா?"

"இன்னும் ரெண்டே வாரம். கதையை முடிச்சுடுறேன்."

"ரெண்டு வாரம்தானா?" என்றார் டைம் கீப்பர். முகம் வாடியது பளிச்சென்று தெரிந்தது.

பல்செட்டுக்காரர் அந்த முகவாட்டத்தைப் பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்தது பொங்கி வழிந்தது. ஆக, பிச்சை போட்டது இந்தம்மாதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். லேபில் லீவு கேட்டதற்கு முதலாளி காரணம்கூடக் கேட்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க சார்" என்றார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

டைம் கீப்பரின் அறை நடைமேடைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பெரிய கடிகாரம், மைக், தடித்த பதிவேடு, சிவப்புப் பேனா. கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை. அதன் முன்னால் கண்டக்டர்கள் டிரிப் ஷீட்டோடு வரிசையில் நின்றார்கள். இவரும் நின்றார்.

"நீங்க எந்த வண்டிண்ணே?" என்றார் முன்னால் நின்ற கண்டக்டர்.

"வண்டி இல்ல. குதிரை."

கண்டக்டர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

"என்னண்ணா, இங்க வந்திருக்கீங்க?" என்றார் டைம் கீப்பர், எழுதிக்கொண்டே.

"பதினொண்ணாம் தேதி காலைல கிளம்பின குதிரை, எட்டுக் கட்டம் ஓட ஏன் பதினாலாம் தேதி ஆச்சு?"

பேனா நின்றது.

"சீட்டைப் படிச்சீங்களா?"

"படிக்கலை. பறந்துச்சு. பறந்தது விரிஞ்சுச்சு."

"எப்படிப் பறந்துச்சு?"

"காத்துல."

"காத்து எங்கிருந்து வந்துச்சு?"

"...ஃபேன் போட்டேன்."

"அந்த சுவிட்சு மேல அட்டை எழுதி ஒட்டினது யாரு?"

"அது வேற விஷயம் தங்கச்சி!"

"எது வேற விஷயம்? என் பேரனுக்குக் கூட அந்த அறைக்குள்ள போக அனுமதி கிடையாதுன்னு சொன்னவர் நீங்க. போர் முடியாம சீட்டைப் பிரிச்சா என்ன தண்டனைன்னு எழுதினதும் நீங்கதான்." மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "நாலாம் நம்பர் மேடையில் நிற்கும் வண்டி உடனே எடுக்கவும்" என்றார். "நடுவர் முடிவு இறுதியானது. போய்ட்டு வாங்கண்ணா."

"காரணம் போடலையே! வழியில என்ன ஆச்சு?"

"லாடம் கழண்டிருக்கும்."

"கழண்டிருக்குமா, கழண்டுச்சா?"

"போர் முடியட்டும், சொல்றேன்."

அதற்குள் ஒரு டிரைவர் வேர்த்து விறுவிறுத்து வந்து ஷீட்டை ஓட்டையில் நுழைத்தார்.

"ஆறு நிமிஷம் லேட்டு. காரணம்?" என்றார் டைம் கீப்பர்.

"டிராஃபிக்கும்மா."

"எந்த இடத்துல?"

"அது... வழியில."

"வழின்னா? முனையிலயா, மார்க்கெட்லயா? எத்தனை நிமிஷம் எங்க நின்னீங்க?"

"மார்க்கெட்ல. நாலு நிமிஷம். மிச்ச ரெண்டு, தண்ணி குடிச்சேன்."

"அப்படிச் சொல்லுங்க." எழுதினார்.

பல்செட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கு படும்வரை குனிந்தார். "ஆறு நிமிஷத்துக்கு இவரை இந்தப் பாடு படுத்துறீங்க. ஒரு முழு நாளுக்குக் காரணம் கிடையாதா? நான் சொல்லவா காரணம்? எனக்கு நெஞ்சுல கம்பி வெச்சிருக்கு. தோத்தா தாங்க மாட்டேன்னு நினைச்சீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறீங்க. வீட்டுல திட்ட மாட்டேங்கறா. லேபில திட்ட மாட்டேங்கறாங்க. என்னை என்ன, கண்ணாடி அலமாரியில வெக்கிற பொம்மைன்னு நினைச்சீங்களா? ஒன்பது வருஷம் தோத்தேன் தங்கச்சி. எல்லாமே என் சொந்தத் தோல்வி, ஒண்ணொண்ணும் நானே கஷ்டப்பட்டுத் தோத்தது! அதுல ஒரே ஒரு தடவை ஜெயிச்சேன்னு ஊர் பூரா மிட்டாய் கொடுத்திருக்கேன். அது நீங்க போட்ட பிச்சைன்னா, என் மூஞ்சியை நான் எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? இல்லைன்னு சொல்லுங்க. இல்ல ஆமான்னு சொல்லுங்க. பரிதாபப்பட்டுத்தானே பண்ணீங்க?"

தண்ணீர் குடித்த டிரைவர்கூடப் போகாமல் நின்று கேட்டார்.

டைம் கீப்பர் பேனாவை மூடினார். பக்கத்துக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றார். ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார். பல்செட்டுக்காரர் உட்காரவில்லை.

"ஆமா, நான்தான் பண்ணேன். குதிரை பதிமூணாம் தேதி காலையிலேயே வந்துடுச்சு. பகடையில தாமதம் எதுவும் விழலை. பதினாலுன்னு பொய் எழுதினேன். காரணத்துல இன்னொரு பொய்யும் சேர்த்து எழுதக் கை வரலை, விட்டுட்டேன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் மாத்திப் போட்ட நேரம் அது ஒண்ணுதான்."

"அப்ப பரிதாபம்தான்."

"உங்க மேல எனக்கு என்னண்ணா பரிதாபம்? மூணு மாடி ஏறி வந்து ரெண்டு மணி நேரம் கத்துறீங்க. உங்க நெஞ்சு என்னோடதைவிட நல்லாத்தான் இருக்கு. உங்களுக்காகப் பண்ணலை, எனக்காகப் பண்ணேன்." அவர் கண்ணாடி வழியாக நடைமேடையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க ஃப்ரெண்டு வாயாடின்னு நினைச்சிட்டிருக்கீங்க, இல்ல? நான் கட்டிக்கிட்டவர் வேற ஆளு. வேலை விட்டு வருவார், சாப்பிடுவார், படுப்பார். கேட்டா 'ம்'. கேக்கலைன்னா அதுவும் கிடையாது. பொண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டுல சத்தம்னா அது குக்கர் சத்தம்தான். நீங்க ஆஸ்பத்திரியில கிடந்து ஏழு வாரம் வரலை பாருங்க, அந்த ஏழு வாரம் நான் எண்ணினேன். எனக்கு எண்ணுறதுதானே வேலை. ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தை பேசினார். அதுல நாலு, 'செருப்பு எங்க', 'விளக்கை அணை'. வெள்ளிக்கிழமை ஆனாத்தான் அந்த மனுஷன் கத்துறார், பாடுறார், 'ஏம்மா இங்க வா'ன்னு கூப்பிடுறார், நான் போட்ட நேரம் தப்புன்னு என்கூட சண்டைக்கு வர்றார். ராத்திரி படுக்கப் போகும்போதுகூட உங்களைத் திட்டிக்கிட்டே என்கிட்ட பேசுறார். சனிக்கிழமை காலை வரைக்கும் அது இருக்கும். அன்னைக்கு அந்தச் சீட்டு நேரத்துக்குப் போயிருந்தா, பாலம் அவருக்கு, போர் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அடுத்த போருக்கு நீங்க ரெண்டு பேரும் பொம்மைக்கு மீசை வரைஞ்சு முடிக்க எட்டு மாசம் ஆக்குவீங்க. அந்த எட்டு மாசம் நான் அந்த வீட்டுல யார்கூடண்ணா பேசுறது?"

பல்செட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருக்கும் படையை வைத்து அந்த இரண்டு வாரத்தை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.